சாத்திய ஜன்னலில் ஓடிய படம்

என் தம்பிக்கு இடது கால் வலது காலைவிட ஒரு நூல் கம்மி. நடையில் தெரியாது, செருப்பு தேய்கிற அழகில் தெரியும். காரணம் கேட்டால் அவன் என்னைக் கைகாட்டுவான், நான் டிவியைக் கைகாட்டுவேன். நாற்பது வருஷமாகத் தீர்ப்பாகாமல் கிடக்கிற வழக்கு இது. இரண்டு பேர் சொல்வதும் சரிதான் என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஆறு. திருவண்ணாமலையில் தேரடியிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் குடியிருந்தோம். சந்து என்றால் சந்துதான். எங்கள் அறை ஜன்னலிலிருந்து ஒருவர் கையை நீட்டி, எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து இன்னொருவர் கையை நீட்டினால் கறிவேப்பிலை வாங்கிக்கொள்ளலாம். சந்தின் மேற்குக் கோடியில் மலை நிற்கும். எங்கள் ஊரில் எந்தச் சந்துக் கோடியில் பார்த்தாலும் அது நிற்கும், தப்பிக்க முடியாது.

எதிர்வீடு லாட்ஜ்காரருடையது. பஸ் ஸ்டாண்டு பக்கம் அவருக்கு ஒரு லாட்ஜ் இருந்தது. நல்ல மனுஷன், பக்தி கொஞ்சம் ஜாஸ்தி. மலைப்பக்கம் கால் நீட்டிப் படுக்கமாட்டார், மலையைப் பார்த்து வாய் கொப்பளிக்கமாட்டார், லாட்ஜில் நாற்காலிகளைக்கூட மலைக்கு முதுகு காட்டாமல்தான் போட்டு வைத்திருந்தார். அவர் மனைவியை நாங்கள் பெரிம்மா என்று கூப்பிடுவோம், முதுகுக்குப் பின்னால் லாட்ஜ்காரம்மா. மூக்கில் எட்டுக்கல் மூக்குத்தி, இடுப்பில் சாவிக்கொத்து, அதிகம் பேசாத வாய். குழந்தை இல்லை. ஒன்று பிறந்து, நடக்கிறதற்கு முன்னாலேயே போய்விட்டது என்று குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். கேட்டதோடு சரி, அந்த வயதில் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது.

எங்கள் சந்தின் முதல் டிவி அந்த வீட்டுக்குத்தான் வந்தது. வேலூரிலிருந்து மெக்கானிக் வந்து, மொட்டை மாடியில் தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு, அதன் உச்சியில் மீன் முள் மாதிரி ஆன்டெனாவைக் கட்டினார். கீழே கூடி நின்ற எங்களுக்கு அவர் விளக்கமும் சொன்னார். இந்த முனைதான் இதற்கு முகம், இது எப்போதும் மெட்ராஸைப் பார்த்து நிற்க வேண்டும், அங்கிருந்துதான் படம் வருகிறது என்றார். முகம் என்று ஒரு வார்த்தையை எங்கள் ஊரில் யோசிக்காமல் சொல்லக்கூடாது என்று வேலூர்க்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமையும் படம் நன்றாக வந்தது. நன்றாக என்றால் மழைக்குள் நடப்பது போல வந்தது, எங்களுக்கு அதுவே அமிர்தம். கூடத்துக்குள் பெரியவர்கள் உட்காருவார்கள். எங்கள் மாதிரிப் பொடிசுகள் சந்தில் நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். அம்மாவுக்கு இது அறவே பிடிக்காது. அடுத்த வீட்டு ஜன்னலில் போய் என்ன தொங்கல், நம் வீட்டில் சோறு போடவில்லையா என்பாள். சோற்றுக்கும் டிவிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் முதுகு பழுத்திருக்கும்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ஜாஸ்தி. தம்பிக்கு எட்டவில்லை. படம் தெரியவில்லை என்று என் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். தொல்லை தாங்காமல் அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள், விட்டால் தொலைத்துவிடுவேன் என்று சொல்லித்தான் தூக்கினேன். அவனும் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். உள்ளே சண்டை வந்தது. கதாநாயகன் ஒரே உதையில் மூன்று பேரைச் சாய்த்தான். என் தம்பி இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கைதட்டினான்.

விழுந்தது சாக்கடை ஓரத்துக் கருங்கல்லின் மேல். அவன் போட்ட கூச்சலில் டிவிச் சத்தமே கேட்கவில்லை. கால் ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தது. மலையைச் சுற்றிப் போகிற வழியில் அடி அண்ணாமலை என்கிற ஊரில் எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஒருவர் இருந்தார். அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு ஜட்காவில் அங்கே ஓடினார். மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, என்னமோ ஒரு பச்சிலை, அதற்குமேல் துணி. ஆறு வாரம் காலைக் கீழே வைக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். முட்டை வாசனைக்குத் தெருப் பூனையெல்லாம் எங்கள் வீட்டை மோப்பம் பிடிக்க ஆரம்பித்தன.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் பரவாயில்லையே என்று இருந்தது. ராத்திரி சோறு போடும்போது, "உன்னை நம்பித்தானேடி அனுப்புனேன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

எதிர்வீட்டில் வேறு கலவரம். சந்திலே மூத்த ஆள் ஒருவர் லாட்ஜ்காரரிடம், ஆன்டெனாவின் முகம் மெட்ராஸைப் பார்க்கிறது, அப்படியென்றால் அது மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறதே, உங்கள் வாசலில் ஒரு பச்சைக்குழந்தை விழுந்ததென்றால் சும்மாவா என்று கேட்டுவிட்டார். லாட்ஜ்காரருக்கு முகம் செத்துவிட்டது. நாற்காலிக்கே பார்க்கிற மனுஷன், தலைக்கு மேலே இப்படி ஒரு அபசாரத்தை நட்டு வைத்திருக்கிறோமே என்று தவித்துப் போனார். வெள்ளிக்கிழமை காலையில் ஆளை மேலே ஏற்றி ஆன்டெனாவை மலையைப் பார்க்கத் திருப்பினார்கள். ஆன்டெனாக் குழாயின் அடியில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள். சந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டது, நானும்தான். இனிமேல் யாரும் விழமாட்டார்கள் என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது. கதவும் சாத்தியிருந்தது. பெரியவர்களைக்கூட உள்ளே விடவில்லை. லாட்ஜ்காரருக்கு லாட்ஜில் வேலை, அந்த அம்மாவுக்குத் தலைவலி, இப்படி ஏதோ காரணம் வந்தது. ஆனால் உள்ளே டிவி ஓடுகிற சத்தம் மட்டும் சந்துக்குக் கேட்டது. எங்கள் தொல்லை பொறுக்காமல்தான் சாத்திவிட்டாள் என்று எனக்கு ஒரே ஆத்திரம். என் அம்மாவுக்கு ஆத்திரத்தோடு அவமானமும் சேர்ந்துகொண்டது. பணம் இருக்கிற திமிர் என்று பாத்திரம் தேய்க்கிற சாக்கில் சத்தமாகவே சொன்னாள்.

என் பிரச்சினை வேறு. தம்பி கயிற்றுக் கட்டிலில் எங்கள் ஜன்னலோரம் கிடந்தான். கீழே விழுந்ததற்குக்கூட அவன் அவ்வளவு அழவில்லை, படம் போச்சே என்று அப்படி அழுதான். பார்க்கச் சகிக்கவில்லை. அவன் காலை ஒடித்தது நான், படத்தைக் கெடுத்ததும் நான். அழாதே, எதிர்வீட்டு ஜன்னல் கதவில் ஒரு இடுக்கு இருக்கிறது, அது வழியாக எனக்கு உள்ளே தெரிகிறது, பார்த்துப் பார்த்து உனக்குச் சொல்கிறேன் என்றேன்.

இடுக்கு இருந்தது வாஸ்தவம். அதற்குள் கண்ணை வைத்தால் உள்ளே தொங்குகிற திரைத்துணியின் நீலக்கோடு ஒன்று தெரியும். அதைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது.

ஆகவே சந்தில் நின்று அதில் காதை வைத்துக்கொண்டேன். உள்ளே ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டால், அழுகிறாள் என்று இந்தப் பக்கம் திரும்பித் தம்பிக்குச் சொல்வேன். யாரு அக்கா, எதுக்கு என்பான். அதெல்லாம் சத்தத்தில் இல்லையே. நானே ஒரு காரணத்தைச் சேர்ப்பேன். குளம்புச் சத்தம் கேட்டது, குதிரை வருகிறது என்றேன். என்ன குதிரை என்றான். ஜட்காக் குதிரை, நம் தேரடி ஸ்டாண்டில் நிற்குமே அந்த மாதிரி என்றேன். அவன் கண் அகன்றது. அவனைத் தூக்கிக்கொண்டு போன குதிரை அல்லவா. அதற்குப் பிறகு எந்தப் படம் ஓடினாலும் அந்தக் குதிரை வந்தே ஆக வேண்டும். ராஜா காலத்துப் படமோ டாக்டர் படமோ, எனக்கு வேறு வழியில்லை, எப்படியாவது குதிரையை உள்ளே ஓட்டிக்கொண்டு போய்விடுவேன்.

வில்லி வேண்டுமே. வில்லிக்கு நான் எங்கே போவேன், எதிரிலேயே இருந்தாள். எட்டுக்கல் மூக்குத்தி, இடுப்பில் சாவிக்கொத்து. ஊரில் இருக்கிற ஜன்னலையெல்லாம் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போகிறவள். யாருமே மலையைப் பார்க்கக்கூடாது என்று அவளுக்கு எண்ணம். அவளைக் குளவி கொட்டியது, எருக்குழியில் விழுந்தாள், குரங்குக் கூட்டம் சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு மலை மேல் ஏறிவிட்டது. வாரத்துக்கு ஒரு தண்டனை. தம்பி கட்டிலே ஆடும்படி சிரிப்பான். அடுத்த வீட்டுக்குக் கேட்கப் போகிறது, மெதுவாகப் பேசு என்று அம்மா உள்ளேயிருந்து சொல்வாள். கேட்கட்டுமே என்றுதான் நான் இன்னும் குரலை உயர்த்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை போய், வாரம் முழுவதும் இதே வேலையாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லும்போது வாய் வாய்ப்பாடு சொல்லும், உள்ளே குதிரை ஓடும். கணக்கு டீச்சர் கேட்டதற்கு ஒருநாள் லாடம் என்று பதில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். தம்பி சும்மா இருக்கவில்லை. கரித்துண்டால் சுவரில் குதிரை போட்டான். ஆறு காலோடு இருந்தது. ஏன்டா என்றால், ஓடுறப்ப ஜாஸ்தியாத்தானே தெரியும் என்றான். வெள்ளையடித்த சுவரைப் பாழாக்குகிறானே என்று அடிக்க வந்த அம்மா, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு இன்னொரு கரித்துண்டைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது வாரம் அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எல்லாப் படத்திலும் எப்படி ஒரே குதிரை என்றான். ஒரு குதிரையைத்தான் பழக்கி வைத்திருக்கிறார்கள், எல்லாப் படத்துக்கும் அதுதான் போகும் என்றேன். அவன் நம்பவில்லை.

"நெசமா நீ பாத்தியா? அண்ணாமலையார் மேல சத்தியம் பண்ணு" என்றான்.

எங்கள் ஊரில் இது விளையாட்டுச் சத்தியம் இல்லை. மலையைப் பார்த்துக் கையை நீட்டிச் சொல்ல வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவனுக்கு வாய் கோணிப்போன கதைகள் தெருவுக்கு இரண்டு உண்டு. ஆனால் கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்துக்கு முன்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. சந்துக் கோடியைப் பார்த்துக் கையை நீட்டிச் சத்தியம் பண்ணிவிட்டேன். அன்றிலிருந்து தலையைக் குனிந்துகொண்டே பள்ளிக்கூடம் போனேன். கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் வாய் நேராக இருக்கிறதா என்று பார்த்தேன்.

இதற்கு நடுவில் லாட்ஜ்காரம்மா செய்த இன்னொரு அநியாயம். வாரத்துக்கு வாரம் டிவிச் சத்தம் கம்மியாகிக்கொண்டே வந்தது. முதல் வாரம் வசனமே கேட்டது, மூன்றாவது வாரம் பாட்டு மட்டும் கேட்டது, நாலாவது வாரம் கதவில் காதை ஒட்டினாலும் முணுமுணுப்புத்தான். படத்தைத்தான் மறைத்தாள், சத்தத்தைக்கூட நமக்குத் தரமாட்டேன் என்கிறாளே, இவளும் ஒரு பொம்பளையா என்று மனசுக்குள் வைதேன். வைது என்ன பயன், கதையை முழுக்க நானே ஓட்ட வேண்டியதாயிற்று.

அப்போதுதான் தம்பி எதிர்பாராத ஒரு கேள்வி கேட்டான். அந்த அம்மா எதற்காக எல்லா ஜன்னலையும் சாத்துகிறாள் என்றான். வில்லி என்றால் சாத்தத்தான் செய்வாள் என்றேன். ஏன் என்றான் மறுபடியும். இதை நான் யோசித்ததே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் வீட்டுக்குள் ஒரு கிளி இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் அது பறந்து போய்விடும், அந்தப் பயம்தான் என்றேன். தம்பிக்கு முகம் மாறிவிட்டது. பாவம்க்கா, அப்ப அவளைக் குளவி கொட்ட வேணாம் என்றான். எனக்கு எரிச்சல். இவ்வளவு பாடுபட்டு ஒரு வில்லியை வளர்த்தால் இவன் பாவம் பார்க்கிறான்.

மறுநாள் எதிர்வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் பால்கோவா வந்தது. கால் சரியில்லாத பிள்ளைக்கு என்று சொல்லிக் கொடுத்தனுப்பியிருந்தாள். அம்மாவுக்கு அதைத் திருப்பி அனுப்பவும் மனசில்லை, எடுத்துக்கொள்ளவும் மனசில்லை. கடைசியில் தம்பி அந்தத் தகராறை இரண்டே வாயில் தீர்த்து வைத்தான்.

ஐந்தாவது வாரம் கிளியைப் பறக்கவிட்டேன். பெருங்காற்று அடித்து ஒரு ஜன்னல் தானே திறந்துகொண்டது, கிளி போய்விட்டது. வில்லி தெருத்தெருவாகத் தேடினாள். கடைசியில் ஜட்காக் குதிரைதான் அவளுக்காகக் கிளியைத் தேடி மலையைச் சுற்றக் கிளம்பியது. அடி அண்ணாமலை தாண்டும்போது ஒரு லாடம் கழன்று விழுந்துவிட்டது, நொண்டிக்கொண்டே போனது. அந்த இடத்தில் கரண்டு போய்விட்டது. கரண்டு போனால் டிவி இல்லை, டிவி இல்லாவிட்டால் எனக்கும் எப்படித் தெரியும். அப்படியே நிறுத்த வேண்டியதாயிற்று. கிளி திரும்பி வராது, அதுதான் அவளுக்குத் தண்டனை என்று நான் உள்ளுக்குள் முடிவுகட்டி வைத்திருந்தேன். தம்பியிடம் சொல்லவில்லை.

ஆறாவது ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் கட்டைப் பிரித்தார்கள். மறுநாள் சாயங்காலம் தம்பி ஒரு குச்சியை ஊன்றிச் சந்தில் நாலடி நடந்தான். அம்மா வாசலில் நின்று வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதாள். நான் தனியாகப் போய் அரிசிப் பானைக்குப் பின்னால் அழுதேன். அந்த நேரத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. லாட்ஜ்காரம்மா வாசலுக்கு வந்தாள்.

"நடக்கிறானா, கண்ணு. ரெண்டு பேரும் உள்ள வாங்க. வூட்ல அவரு இல்ல, லாட்ஜ்லதான் இருப்பாரு. படம் போடப் போறான்" என்றாள்.

ஆறு வாரமாகச் சந்தில் யாருக்கும் கிடைக்காத அழைப்பு. அம்மாவே ஒரு நிமிஷம் ஆடிப்போனாள். காலைக் கழுவிக்கொண்டு போங்கள், கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா உட்காருங்கள் என்று எங்களை அனுப்பத் தயாராகிவிட்டாள். நான் எனக்கு வயிற்று வலி என்றேன். பொய்யில்லை, நிஜமாகவே வலித்தது. உள்ளே போனால் தம்பி படத்தைப் பார்ப்பான். அதில் குதிரை இருக்காது, கிளி இருக்காது, சாவிக்கொத்துப் போட்ட வில்லி இருக்கமாட்டாள். ஐந்து வாரம் நான் அளந்தது முழுக்க அண்டப்புளுகு என்று தெரிந்துவிடும். சத்தியம் வேறு பண்ணித் தொலைத்திருக்கிறேன். அவன் காலை ஒடித்ததற்கு அவன் என்னை ஒரு தடவைகூடக் கோபித்துக்கொள்ளவில்லை. இதற்குப் பிறகு என்னை எதற்குமே நம்பமாட்டான் என்று தோன்றியது. ஜன்னலுக்காக உயிரை விட்டவளுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று அம்மா என் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள்.

கூடத்தில் பெரிய பாய் விரித்திருந்தது. தம்பி முன்னால் போய் உட்கார்ந்தான். நான் கதவோரம் உட்கார்ந்தேன், ஓடுவதானால் சௌகரியம். லாட்ஜ்காரம்மா டிவி பெட்டியின் மடக்குக் கதவைத் தள்ளித் திறந்து குமிழைத் திருகினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டுக் கேட்டது. கண்ணைத் திறந்தேன்.

படம் இல்லை. வெறும் வெள்ளைப் புள்ளி. பெட்டி முழுக்கப் புள்ளிகள் கொதித்துக்கொண்டிருந்தன. அவள் ஒன்றும் திருகிப் பார்க்கவில்லை, தட்டிப் பார்க்கவில்லை. அது அப்படித்தான் இருக்கும் என்பது போலப் பாயில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அண்ணாமலையார்தான் படத்தை அழித்து என்னைக் காப்பாற்றினார் என்று ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. ஒரு வகையில் அது உண்மையும்கூட. இரண்டு மாதம் கழித்து வேலூர் மெக்கானிக் வந்து மாடியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். மெட்ராஸ் ஒரு பக்கம் இருக்க, ஆன்டெனா மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தால் படம் எங்கிருந்து வரும், ஏதோ சத்தம் மட்டும் கிடைக்கிறதே அதுவே பெரிசு என்று அவர் சொல்லித்தான் விஷயம் சந்துக்குத் தெரிந்தது. முகத்தை மலைக்குத் திருப்பிவிட்டு மறுபடி எடுக்க லாட்ஜ்காரருக்கு மனசு வரவில்லை. படம் போய்விட்டது என்று ஊருக்குச் சொல்லவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்கு லாட்ஜுக்குப் போய்விட்டார். அதற்கு முந்தின ஐந்து ஞாயிற்றுக்கிழமையும் அந்த அம்மா ஒருத்தி அந்தப் புள்ளிகளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு நடந்தது, அவள் எழுந்து போய் டிவிச் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தாள். கை பழகின மாதிரித் தானாகத் திருகியது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீ இங்க கிட்ட வந்து உக்காரு. அந்தக் கிளி திரும்பி வந்துச்சா இல்லியா, அத்தச் சொல்லு மொதல்ல" என்றாள்.

நான் திருதிருவென்று முழித்தேன். கிளி இவளுக்கு எப்படித் தெரியும். அப்படியென்றால் குளவி, எருக்குழி, குரங்கு எல்லாமும் தெரியும். அந்த மூக்குத்தியை நிமிர்ந்து பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் அவள் குரலில் கோபம் இல்லை. அவசரம்தான் இருந்தது. ஒரு வாரமாக இதற்காகவே காத்துக்கொண்டிருந்தவளின் அவசரம். கிளி வராது என்று நான் மனசுக்குள் வைத்திருந்த முடிவை எப்படிச் சொல்ல.

வந்துவிட்டது என்றேன். எப்படி வந்தது என்று தம்பி கேட்டான். எப்படி வந்தது என்ற மாதிரியே அவளும் பார்த்தாள். சொல்ல ஆரம்பித்தேன். நொண்டிக் குதிரை மலையைச் சுற்றி முடிக்கும்போது விடிந்துவிட்டது. கிளி ஒரு ஆலமரத்தில் உட்கார்ந்திருந்தது. குதிரை கூப்பிட்டது, அது வரவில்லை. குதிரை நடக்க முடியாமல் மரத்தடியில் படுத்துவிட்டது. அதைப் பார்த்துப் பாவப்பட்டுக் கிளி தானே இறங்கி வந்து அதன் பிடரியில் உட்கார்ந்துகொண்டது. இரண்டும் ஊருக்குத் திரும்பின. நான் பேசப் பேசத் தம்பி அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லபடியாக முடிந்தது, எழுந்து ஓடிவிடலாம் என்று நினைத்தேன்.

தம்பி அவள் பக்கம் திரும்பினான். ஆறு வயதுக்கே உரிய கொடுமையோடு நேராகக் கேட்டான்.

"பெரிம்மா, போன வாரம் நெசமாவே படத்துல குதிரை வந்துச்சா? அக்கா சத்தியம் பண்ணுச்சு."

பெரியவர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்று அவனும் நானும் நம்பிய காலம் அது. அவள் என்னைப் பார்க்கவில்லை. டிவியைத்தான் பார்த்தாள், அங்கே இன்னும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது போல.

"வந்துச்சே" என்றாள். "வெள்ளக் குதுர. நெத்தியில கறுப்பா ஒரு பொட்டு. லாடம் கழண்டதும் அது திரும்பித் திரும்பிப் பாத்துச்சு, பாவம்."

தம்பி என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் எனக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது. என் குதிரை சிவப்பு என்றுதான் நான் மனசில் வைத்திருந்தேன், ஆனால் அதை யாரிடமும் சொன்னதில்லை. நெற்றிப் பொட்டு என்ற ஒன்றே என் கதையில் கிடையாது. அது திரும்பிப் பார்க்கவும் இல்லை, நேராகத்தான் நடந்து போனது. எனக்காகப் பொய் சொன்னது சரி, அதற்காக என் குதிரைக்குப் பொட்டு வைக்க வேண்டுமா என்று வீட்டுக்கு வரும்வரை எனக்குள் பொருமிக்கொண்டே வந்தேன். நான் சொல்லாத அந்தப் பொட்டை அவள் எங்கே பார்த்தாள் என்று கேட்டுக்கொள்ள எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.